போன வருஷத்துக் குச்சி

ஜெயங்கொண்டத்தில் தம்பி வீட்டு விசேஷம் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கிய பொன்னம்மாள், கையிலிருந்த பலகாரப் பையைக்கூட வைக்காமல் நேராகக் கொல்லைக்குத்தான் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முருங்கை நிழலில், முந்தாநாள் வரைக்கும் முழங்கால் உயரத்துக்குத் தழைத்திருந்த செடி, சாண் அளவில் நாலு மொட்டைக் குச்சிகளாக நின்றது. வெட்டுவாய் இன்னும் காயவில்லை. இலையை ஒரு பக்கம் குவித்து, குச்சிகளை ஒரு பக்கம் கட்டி வைத்து, வேலை படு சுத்தமாக நடந்திருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்க்கத்தான் அவளுக்கு இன்னும் வயிறு எரிந்தது.

அரங்கநாதன் தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மல்லிக்குக் கவாத்து பண்ணுனேன். அப்படியே இதையும் ஒரு கை பாத்துட்டேன்" என்றார், திரும்பாமலே.

"இத வெட்டக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. மறந்துட்டேன்."

மறந்துவிட்டாராம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பக்கத்துக் கொல்லைக்காரன் வரப்பில் எத்தனை மண்வெட்டி மண்ணை வெட்டி இழுத்தான் என்று கிழமையோடு சொல்கிற மனிதர், போன வாரம் மூன்று தரம் சொன்னதை மறந்துவிட்டார். பொன்னம்மாள் பலகாரப் பையைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். இது மூன்றாவது மார்கழி.

செடி குன்னூரிலிருந்து வந்தது. ஹைட்ராஞ்சியா என்று மகள் ஜெயலட்சுமி கடிதத்தில் எழுதியிருந்தாள். பொன்னம்மாளுக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை, மலைச்செடி என்றே சொல்லிக்கொண்டாள். மகள் எண்பதாம் வருஷம் தை மாசம், அரியலூருக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறேன் என்று போனவள், தெற்குத் தெரு பழனிவேலோடு ரயிலேறிவிட்டாள். பழனிவேல் குன்னூரில் ஒரு செடிப் பண்ணையில் மேஸ்திரி. அவன் அப்பன் உத்திராபதிதான் இருபது வருஷமாக அரங்கநாதனின் மல்லிக் கொல்லைக்குக் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தவர். அந்த ஒரு கல்யாணத்தோடு மகளும் போனாள், கவாத்துக்கு ஆளும் போனார். அந்த வருஷம் முதல் அரங்கநாதனே கத்திரியை எடுத்துக்கொண்டு இறங்கினார். யார் மேல் இருந்த ஆத்திரமோ, மல்லி அதற்கு முன்பு இல்லாத அளவுக்குப் பூத்துத் தள்ளியது.

எண்பத்தியொன்று ஆடியில் ஒருநாள் கொல்லைப் படல் ஓரத்தில் ஈரச்சாக்கு சுற்றிய செடி ஒன்று இருந்தது. தெற்குத் தெருவிலிருந்து வந்து யார் வைத்துவிட்டுப் போனார்கள் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. 'குட்டை ரகம்மா. தொட்டியிலேயே வெச்சுக்கலாம். கெட்டியான செடி, எதையும் தாங்கும்னு இவர் சொல்றார். பந்து பந்தாப் பூக்கும்' என்று மறுநாள் கடிதம் வந்தது. அன்றைக்குப் பொன்னம்மாளின் தம்பி வீரமுத்துவும் வீட்டில் இருந்தான். அவன்தான் வாயைக் கொடுத்தான். "ரெண்டு பேரும் ஒரு நடை போயிப் பாத்துட்டுத்தான் வாங்களேன், மாமா."

அரங்கநாதன் செடியைக் காலால் தொட்டுக் காட்டினார். "போறேன்யா. யாரு போவலன்னா? இது இந்த மண்ணுல ஒரு பூ பூக்கட்டும். அன்னைக்கு ரெண்டு பேரும் பஸ் ஏறுறோம். அதுவரைக்கும் இந்த வூட்டுலேந்து யாரும் குன்னூருக்குப் போவக்கூடாது. போனா அங்கேயே இருந்துக்கட்டும்."

ஒரு மாசத்தில் காய்ந்துவிடும் என்ற தைரியம் அவருக்கு. ஆனால் பொன்னம்மாள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காரணம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூடிப்போனதற்கு "இனி இதைத் தொட்டா என்னன்னு கேளு" என்றவர், இருபத்திநாலு வருஷமாகக் கத்தரிக்காயைத் தொடவில்லை. வீம்புக்குச் சொன்னாலும் சொன்னதுதான். பூத்துவிட்டால், முகத்தை எட்டு முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டாவது பஸ் ஏறிவிடுவார். அதனால் பூக்க வைப்பது அவள் பாடு.

பட்டபாடு கொஞ்சமா? அவர்கள் ஊரான கல்லங்குறிச்சியில் கிணற்றுத் தண்ணீருக்குப் பருப்பே வேகாது, பாத்திரமெல்லாம் வெள்ளை படிந்து போகும். தோண்டினால் சுண்ணாம்புக் கல். அந்தத் தண்ணீரைக் குடித்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினாள். டீக்கடையில் சக்கையை வாங்கி வந்து போட்டாள். சித்திரையில் நாலு கம்பு நட்டு ஈரச்சாக்குப் பந்தல் போட்டாள். எண்பத்திரண்டில் மழை பொய்த்து, ஊரே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தபோது, தான் குளிக்கிற தண்ணீர் அதன் வேரில் விழுகிற மாதிரி கல்லை நகர்த்திப் போட்டுக்கொண்டு குளித்தாள். "வளக்குற மாட்டுக்குக்கூட இவ்வளவு செய்யல இவ" என்று அரங்கநாதன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். சனியன் பிடித்த செடி சாகவும் இல்லை, பூக்கவும் இல்லை.

இதில் பெரிய கூத்து, முதல் மார்கழியில் அதை வெட்டச் சொன்னதே பொன்னம்மாள்தான். மல்லிக்கொல்லையில் வாழ்க்கைப்பட்டவளுக்கு வேறென்ன தெரியும்? இலையை உருவி, குச்சியை வெட்டிவிட்டால்தான் மாசி பங்குனியில் மொட்டு கொத்துக்கொத்தாக வரும். வெட்டாத செடி பூக்காது என்று அந்த ஊரில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். அவரும் ஒரு மறுப்பும் சொல்லாமல் வெட்டிக்கொடுத்தார். புதுத் தளிர் ஜோராக வந்தது, பூ வரவில்லை. இரண்டாவது மார்கழியிலும் அதுவே. மூன்றாவது வருஷம் கேட்டு எழுதியபோது மகளிடமிருந்து பதில் வந்தது: 'ஐயையோ, வெட்டவே கூடாதும்மா. போன வருஷத்துக் குச்சி நுனியிலதான் இது மொட்டு வைக்கும். வெட்டுனா பூவைத்தான் வெட்டுறோம். இன்னொண்ணு, இங்கே நீலமாப் பூக்குறது அங்கே ரோஸாத்தான் பூக்குமாம். சுண்ணாம்பு மண்ணுக்கு அப்படித்தான்னு இவர் சொல்றார்.' அதன் கீழே, சின்ன எழுத்தில்: 'பங்குனியில் எனக்குப் பிரசவம். நீ வருவியாம்மா?'

முதல் பகுதியைப் பொன்னம்மாள் அவருக்கு மூன்று தரம் சத்தமாகப் படித்துக் காட்டினாள். கடைசி வரியைப் படிக்கவில்லை. அவர் ஒவ்வொரு தரமும் 'ம்' கொட்டினார். அப்படிக் கொட்டிவிட்டு, அவள் இரண்டு நாள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து வெட்டி வைத்திருக்கிறார். இனி அடுத்த வருஷம்தான். அதற்குள் பேரப்பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிடும்.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேச்சை நிறுத்தினாள். சோற்றைப் போடுவாள், தண்ணீரை வைப்பாள், போய்விடுவாள். பொங்கல் வந்து போயிற்று. அவர் தானாகச் செடிக்கு ஒரு நாள் தண்ணீர் ஊற்றினார். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் இரண்டு பங்காகிவிட்டது. கழுத்தைத் திருகிப் போட்டுவிட்டு வாயில் பால் ஊற்றுகிற கதை.

மாசி பிறந்தபின் மகளிடமிருந்து கடிதம் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்துக் கேட்டுக்கேட்டு, அவர் இவளைக் கண்டால் சைக்கிளைத் திருப்ப ஆரம்பித்தார். ஒருநாள் மத்தியானம், அரங்கநாதன் மல்லிக் கொல்லையில் இருக்கும்போது, பொன்னம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெற்குத் தெருவுக்கு நடந்தாள். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் இரண்டு தெருவுக்கும் நடுவில் இருந்த குட்டைக்கரை தாண்டி அவள் போனதில்லை. வழியில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும் என்று நடந்தாள்.

உத்திராபதியின் மனைவி பூமாலை வாசலில் எரு தட்டிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் பதறி எழுந்தாள். இருவரும் சம்பந்திகள். ஆனால் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று இருவருக்குமே பிடிபடவில்லை.

"ஜெயா லெட்டர் போட்டுச்சா?" என்று கேட்டாள் பொன்னம்மாள்.

"மவன்தாம்மா போட்டிருக்கான். பொண்ணுக்குக் காலு ரெண்டும் வீங்கிப்போச்சாம். ரத்தக்கொதிப்பு இருக்கு, எந்திரிக்காம படுத்தே கெடன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம். அம்மாவுக்கு எழுதாதீங்க, பயந்துக்கும்னு சொல்லிச்சாம். நான் நாளன்னைக்குக் கெளம்புறேன்." எருக் கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தபடி பூமாலை தயங்கினாள். "ஆனா அது கேக்குறது ஒங்களத்தாம்மா."

எங்கேயாவது பார்க்க வேண்டும் என்று பொன்னம்மாள் பார்வையைத் திருப்பினாள். கூரை நிழலில், சாணி மெழுகிய சுவர் ஓரம், துருப்பிடித்த எண்ணெய் டின் ஒன்று இருந்தது. அதில் அதே இலை, அதே குட்டைச் செடி. மேலே நான்கு பூ. ஒவ்வொன்றும் உரித்த தேங்காய் அளவுக்கு, ரோஸ் நிறத்தில், கனம் தாங்காமல் தலை சாய்ந்து கிடந்தது.

"இது எப்ப பூத்துச்சு?"

"பொங்கல் கழிச்சு மொட்டு வெச்சுதுங்க. வூட்டுக்கு ஒண்ணுன்னுதான் ரெண்டு அனுப்பிச்சான். நாங்க என்னத்த செஞ்சோம், பாத்திரம் கழுவுன தண்ணிதான்."

"வெட்டவே இல்லியா?"

"எங்க வெட்டுறது? அவரு தொடவுடல. ஊரான் வூட்டுச் செடியெல்லாம் இருவது வருஷமா வெட்டியாச்சு, நம்ம வூட்டுல ஒண்ணு அதும்பாட்டுக்கு வளரட்டும்னுட்டாரு."

குளிக்கிற தண்ணீர், டீச்சக்கை, சாக்குப் பந்தல், மூன்று வருஷம். பொன்னம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அரங்கநாதன் கொல்லையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு மாசத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"பூத்துடுச்சு."

அவர் கண் கொல்லைப் பக்கம் போயிற்று. "எங்க?"

"உத்திராபதி வூட்டுல. மாசக்கணக்கா பூத்து நிக்கிது."

"நான் நம்ம வூட்டுச் செடியத்தான் சொன்னேன்."

"இந்த மண்ணுல பூக்கட்டும்னு சொன்னீங்க. என் தம்பி பக்கத்துல இருந்தான், அவனக் கூப்புட்டுக் கேளுங்க. அது என்ன சீமை மண்ணா? குன்னூர்ல நீலமாப் பூக்குற செடி அங்க ரோஸாப் பூத்துருக்கு. அவங்களும் நம்மளும் ஒரே மண்ணுலதான் கெடக்குறோம்னு அந்தச் செடிக்குத் தெரிஞ்சிருக்கு, ஒங்களுக்குத்தான் தெரியல." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல. ரத்தக்கொதிப்பாம். பிரசவத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஒங்க கத்திரிய வெச்சுக்கிட்டு நீங்க காலம் பூரா வெட்டிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்."

அரங்கநாதன் கழற்றிய சட்டையை ஒரு உதறு உதறினார். பிறகு அதையே திரும்ப மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டதுகூடத் தெரியாமல், "பொய் சொல்றியான்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கினார். அவள் பின்னாலேயே நடந்தாள். குட்டைக்கரையில் அவர் நடை ஒரு கணம் தட்டியது. இவள் நிற்காமல் அவரைத் தாண்டிப் போனாள். அதனால் அவரும் வர வேண்டியதாயிற்று.

உத்திராபதி வீட்டில் இருந்தார். இருவரும் நேருக்கு நேர் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. அரங்கநாதன் அவரைப் பார்க்காமல் செடியிடம் போனார். குனிந்து, ஒரு பூவை விலக்கி, காம்பைப் பிடித்துக் கீழே வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். பட்டை முதிர்ந்து பழுப்பேறிய இடத்தில் விரல் நின்றது.

"போன வருஷத்துக் குச்சிதான்" என்றார், டின்னைப் பார்த்து.

"ஆமாங்க" என்றார் உத்திராபதி.

உத்திராபதியின் கை பழைய பழக்கத்தில் தோளில் கிடந்த துண்டை எடுக்கப் போனது, பாதியில் நின்றது, துண்டின் மேலேயே தங்கிவிட்டது. பூமாலை உள்ளேயிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் போட்டாள். அரங்கநாதன் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. முக்காலி வெறுமனே கிடந்தது. தெருவில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

பொன்னம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. அங்கே மகள் கால் வீங்கிப் படுத்துக் கிடக்கிறாள், இங்கே இரண்டு கிழவர்களும் கோயில் தூண் மாதிரி நிற்கிறார்கள். அவள் விறுவிறுவென்று போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பூமாலை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு."

பூமாலை அவளைப் பார்த்தாள், பிறகு அரங்கநாதனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கழுவிய செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கீழே வைப்பதா கையில் கொடுப்பதா என்று நின்றாள். பொன்னம்மாள் எட்டி அவள் கையிலிருந்தே வாங்கினாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, வாய் வைத்தே குடித்தாள். தன் வீட்டுத் தண்ணீர் மாதிரியே அதுவும் சுண்ணாம்பு கரித்தது. பாதி குடித்ததும் நிறுத்தி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மீதிச் செம்பைப் புருஷனுக்கு நேராக நீட்டினாள்.

அரங்கநாதன் செம்பைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மறுபடி செம்பைப் பார்த்தார். அவளுக்குக் கை வலிக்க ஆரம்பித்து, செம்பு லேசாகச் சரிந்து, விளிம்பிலிருந்து இரண்டு சொட்டு மண்ணில் விழுந்தது. அவள் கையை இறக்கவில்லை.