பதினைந்தாவது நிமிடம்

நாடகக் குழுவில் ஒரு விதி இருந்தது. வருடத்துக்கு ஐந்து புது இயக்குநர்கள், ஆளுக்கு ஒரு குறுநாடகம், பதினைந்து நிமிடம். அதற்கு மேல் போனால் விளக்கை அணைத்துவிடுவார்கள். முன்பு ஒருவருடைய நாடகம் நாற்பது நிமிடம் ஓடி, கடைசி நாடகத்துக்குப் பள்ளி அரங்கம் கிடைக்காமல் போனது. அதன் பிறகு வந்த விதி.

விளக்கு சபரிநாதனின் பொறுப்பு. ஒன்பது வருடமாக.

இந்த முறை அவன் மனைவி தாமரைச்செல்வி ஒரு நாடகம் எழுதி இயக்கினாள். பிரியப்போகும் கணவனும் மனைவியும் வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரிக்கிறார்கள். கடைசியில் மனைவி "போகாதீங்க" என்கிறாள். விளக்கு அணைகிறது.

வரும் ஒன்றாம் தேதி சபரிநாதன் அவளைப் பிரிந்து, பக்கத்து ஊரான டப்ளினில் ஒரு அபார்ட்மென்டுக்குத் தனியாகப் போகிறான். குழுவில் யாருக்கும் தெரியாது. 'போகாதீங்க' என்ற அந்த ஒரு வார்த்தையை அவளால் வீட்டில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதினாள். விளக்குக் குறிப்புக்காக ஆறு வாரம் முன்பே பிரதியை அவனிடம் கொடுத்தாள். அவன் பென்சிலால் குறித்துத் திருப்பிக் கொடுத்தான். கடைசி வரிக்குப் பக்கத்தில் 'ஆஃப்' என்று இருந்தது.

"டைமிங் ஓகேவா?"

"பதினாலு நாப்பது வருது. இருபது செகண்ட் மிச்சம்."



மேடைச் சாமான்கள் வீடுகளிலிருந்துதான் வரும். இந்த நாடகத்துக்கு அவர்களுடைய சாப்பாட்டு மேசை. கணவனாக நடிக்கும் கிரீஷ் ஒரு பக்கம் பிடித்தான்.

"என்ன சார், வீட்டையே காலி பண்றீங்க போல?"

"டேபிள் மட்டுந்தான்" என்றான் சபரிநாதன்.

சனிக்கிழமை மதியம். நான்காவது நாடகம் அவளுடையது. தாமரைச்செல்வி மேடையின் ஓரத்தில் ஃபோனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிரைண்டர்?" என்று கேட்டாள் மனைவியாக நடித்த ஸ்ம்ருதி.

"நீயே வெச்சுக்கோ. எனக்கு மாவு பாக்கெட் போதும்."

அரங்கம் சிரித்தது. ஒத்திகையில் யாரும் சிரித்ததில்லை. சபரிநாதன் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டில் நிஜமாகவே சொன்னது அது.

"காஸ்ட்கோ கடை மெம்பர் கார்டு?"

"அது உன் பேர்ல இருக்கு. நான் கூட வர்ற ஆளு."

கைதட்டினார்கள். கிரீஷுக்கு இது முதல் மேடை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். அடுத்த வரிக்கும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தான்.

பதினான்கு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி. இன்னும் மூன்று வரி.

அரங்கத்தின் பின்னால், மேலே விளக்கு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சபரிநாதனின் முகம் தெரிந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்ம்ருதி மேசைமேல் கை வைத்தாள். மூச்சை இழுத்தாள். கடைசி வரியைச் சொல்வதற்கு முன் மூன்று எண்ண வேண்டும் என்று தாமரைச்செல்விதான் பழக்கியிருந்தாள்.

இரண்டு எண்ணியிருப்பாள். இருட்டியது.

நீண்ட கைதட்டல். குழுவை நடத்தும் ஜம்புநாதன் ஓரத்துக்கு ஓடி வந்தார்.

"செம காமெடிம்மா! லைட் போச்சு பாரு, கரெக்ட் டைமிங். வீட்டுக்காரரே லைட்மேனா இருந்தா இப்படித்தான்!"

"ஆன்ட்டி, சாரி. லாஸ்ட் லைன் சொல்ல முடியல" என்றாள் ஸ்ம்ருதி.

"பரவால்ல."

இடைவேளையில் சபரிநாதன் கீழே வந்தான். இருவரும் மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள்.

"இன்னும் ரெண்டு செகண்ட் விட்டிருந்தா போதும்" என்றாள்.

"பதினஞ்சு ஆயிடுச்சு."

"தெரியும்."

"எல்லாருக்கும் அதே ரூல்தான்."

அவன் பின்புறமாக நடந்தான்.

"படி இருக்கு, பாத்து" என்றாள்.

வேனில் ஏற்றினார்கள். நாடகத்தில் மேசை யாருக்கு என்று அவள் எழுதியிருக்கவில்லை.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.

"சரிங்க."

உள்ளே மணி அடித்தார்கள். ஐந்தாவது நாடகத்துக்கு விளக்குப் போட அவன் போனான்.