பாதிப் பூனை

கயிறு கட்டி மூன்றாம் மாடிக்கு இழுத்த கூடையில் முட்டைக்கோஸும் வெங்காயத்தாளும் ஒரு மாவுப் பொட்டலமும் இருந்தன. அடியில், காகித உறைக்குள் கணினிக்கான அந்த ஃப்ளாப்பி வட்டு. உறையைத் தொட்டதுமே யான் தேமிங்கின் விரல்கள் ஈரமாயின. பிரித்து ஃப்ளாப்பியின் தகட்டு மூடியை நகர்த்தியபோது உள்ளேயிருந்து கிருமிநாசினி ஒரு சொட்டு மேசையில் விழுந்தது.

சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார். "செங் அக்கா! இதுக்குமா மருந்து அடிச்சீங்க?"

கீழே, வாசலை அடைத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால், குடியிருப்புக் குழுவின் செங் அக்கா முதுகில் மருந்துத் தொட்டியோடு நின்றிருந்தாள். "உள்ள போறதுக்கு எல்லாத்துக்கும் அடிக்கணும். உத்தரவு."

"இது முட்டைக்கோஸ் இல்லக்கா!"

"திங்கிற முட்டைக்கோஸுக்கே அடிக்கிறேன், இதுக்கு அடிக்க மாட்டேனா?"

மேல்மாடிச் சன்னல் திறந்தது. அண்ணாந்து பார்த்தவருக்குக் கொங் லிஹுவாவின் மோவாயும் முகக்கவசத்தின் விளிம்பும் மட்டும் தெரிந்தன. "துடைச்சுக் காய வச்சுப் போட்டுப் பாருங்கண்ணே," என்றாள். குரலில் நம்பிக்கை இல்லை. அவர் துடைத்தார், ஊதினார், வெயிலில் வைத்தார். கணினிக்குள் செருகியதும் எலும்பை நறநறவென்று மெல்லும் ஓசை எழுந்தது. பிறகு ஒன்றுமில்லை.

மனைவி சூச்சினைத் தொற்றுக்காய்ச்சல் என்று மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போன அன்றே அந்தப் படிக்கட்டை மூடி, அதிலிருந்த வீட்டுக்காரர்கள் யாரும் வெளியே போகக் கூடாது என்றுவிட்டார்கள். அவள் பஸ் கண்டக்டர். தைய்யுவான் நகரத்தின் நெரிசலில் யாருடைய இருமலைச் சுமந்து வந்தாளோ, வீட்டில் வினிகரைக் கொதிக்க வைத்து ஆவி பிடித்ததெல்லாம் உதவவில்லை. தலை முதல் கால் வரை வெள்ளையில் மூடிய இரண்டு பேர் வந்தபோது அவள் தானாகவே படியிறங்கி நடந்தாள். பஸ்ஸில் பயணிகளை உள்ளே தள்ளி நிற்கச் சொல்லும் அதே அதட்டலில், "கிட்ட வராத, மேல போ," என்று மட்டும் சொன்னாள். அவரும் மேலே வந்துவிட்டார். அதை நினைக்கும்போதெல்லாம் தன் கால்கள் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

மருத்துவமனையைத் தொலைபேசியில் கேட்டால், "நிலைமை சீரா இருக்கு," என்றார்கள். முந்தாநாளும் அதுதான், நேற்றும் அதுதான். முதல் மாடி ஜூ வீட்டுக்கும் ஒருநாள் காலையில் அதையே சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார் என்பது மாலையில்தான் தெரிந்தது. சாம்பலை வாங்கக்கூட அவர்களை வெளியே விடவில்லை. அன்றிலிருந்து 'சீராக' என்ற சொல் காதில் விழுந்தாலே யான் தொலைபேசியில் கூச்சல் போட்டார். அப்புறம்தான் தொலைபேசியில் இருந்த பெண் சலிப்போடு சொன்னாள்: நோயாளிகளைத் தினமும் படம் எடுத்து இணையத்தில் போடுகிறோம், கட்டில் எண்ணும் கடவுச்சொல்லும் தருகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள், எங்களைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்.

வீட்டில் கணினி இருந்தது. கண்டக்டர்களே இல்லாத பஸ்கள் வரப்போகின்றன என்று கேள்விப்பட்டு, தட்டச்சுப் பழக சூச்சின் வாங்கியது. கடையிலிருந்து லினக்ஸோடு வந்தது. வாங்குகிறவர்கள் எல்லோரும் மறுநாளே அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொள்வார்கள். "எழுத்து வருதுல்ல, போதும்," என்று அவள் விட்டுவிட்டாள். இப்போது விண்டோஸ் போடலாம் என்றால் சி.டி. தட்டு திறக்காமல் சிக்கிக் கிடந்தது. தொலைபேசிக் கம்பியைப் பின்னால் செருகினால் அந்தக் கணினிக்கு அப்படியொரு கம்பி இருப்பதே தெரியவில்லை.

மருத்துவமனையோடு அவர் போட்ட கூச்சல் தண்ணீர்க் குழாய் வழியாக மேலே கேட்டிருக்கிறது. கொங் லிஹுவா தொலைபேசி நிலையத்தின் இயந்திர அறையில் வேலை செய்பவள். போன குளிர்காலத்தில் அவள் குளியலறைத் தண்ணீர் ஒழுகி இவர் கட்டில் நனைந்தது. துடைப்பக் கட்டையால் கூரையை இடித்து, பெண்பிள்ளை என்றும் பாராமல் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு பேச்சில்லை. அவளாகத்தான் சன்னலைத் திறந்து கேட்டாள்: "உங்க மெஷின்ல உள்பூனைதானே இருக்கு?"

தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்தோடு இணைக்கும் மோடத்தை அந்த ஊரில் பூனை என்றுதான் சொல்வார்கள்.

"பூனை இருக்கு. கத்த மாட்டேங்குது," என்றார்.

"அது பாதிப் பூனைண்ணே. செலவைக் குறைக்கணும்னு பாதியத்தான் அட்டையில வைக்கிறாங்க. மீதி வேலைய விண்டோஸ் செய்யும். லினக்ஸுக்கு அந்த மீதிய நாமதான் தேடிப் போடணும்."

"எங்க கிடைக்கும்?"

"இணையத்துல."

"இணையத்துக்குப் போகத்தான பூனை?"

வெளியே வைக்கிற முழுப் பூனை ஒன்றை வாங்கலாமென்றால் கணினிக் கடைத்தெருவே பூட்டிக் கிடந்தது. கடைசியில் கொங் தன் அலுவலகத்திலிருந்த தோழி மா என்பவளைப் பிடித்து, அந்த மீதிப் பாதியை ஃப்ளாப்பியில் ஏற்றி அனுப்ப வைத்தாள். அதைத்தான் செங் அக்கா குளிப்பாட்டி அனுப்பியிருந்தாள்.

இரண்டாவது ஃப்ளாப்பி மறுநாள் வந்தது. மா கெட்டிக்காரி. பிளாஸ்டிக் உறை இரண்டில் சுற்றி, முட்டைக்கோஸின் அடியைக் குடைந்து உள்ளே செருகி, மேலே இலைகளை மூடி அனுப்பியிருந்தாள். செங் அக்கா கோஸுக்கு மட்டும் அடித்தாள்.

யான் மேசையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டார். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக் கூடாது. காவலுக்கு ஆள் உண்டு. அதனால் கொங் மேலிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் ஒற்றை விரலால் தட்டினார். எஃகு ஆலையில் பாரந்தூக்கி ஓட்டிய கை. கீழே நிற்பவனின் சைகைக்கு ஏற்ப டன் கணக்கில் இரும்பை மயிரிழை பிசகாமல் இறக்கி வைத்த கை. இங்கே ஒரு எழுத்தைத் தொட்டால் இரண்டாக விழுந்தது.

"இப்ப குறுக்குக் கோடு."

"எந்தப் பக்கம் சாயணும்?"

"வலப்பக்கம். உங்க பக்கம் இல்ல, எழுத்துப் போற பக்கம்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஆமாண்ணே. நான்தான் குழம்பிட்டேன்."

ஒருமுறை தவறாகத் தட்டியதில் சூச்சின் எழுதிய கோப்பு ஒன்று திறந்துகொண்டது. அவள் வழித்தடத்து நிறுத்தங்களின் பெயர்கள், வரிசையாக, தட்டச்சுப் பழகுவதற்காகத் திரும்பத் திரும்ப. நாலாவது தடவையிலிருந்து பிழையே இல்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னாச்சு?" என்று மேலிருந்து கேட்டது. "ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு, மூடும் வழியைக் கேட்டு மூடினார்.

நெடுநேரம் கழித்துத் திரையில் ஒரு வரி வந்தது. எழுத்தெழுத்தாகப் படித்துச் சொன்னார். கொங் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"சொல்லும்மா."

"மா வேற பதிப்புக்கானத அனுப்பிட்டா. உங்க லினக்ஸ் ஏத்துக்க மாட்டேங்குது. நாளைக்கி வேற..."

அவர் கணினியின் தலையில் அறைந்தார். மீண்டும் அறைந்தார். மேசையிலிருந்த வினிகர்ப் பாத்திரம் விழுந்து உருண்டது. "நாளைக்கா? நாளைக்கி யாரு இருப்பாங்க? எனக்குத் தெரியும். அவ போயிட்டா. அதான் இதுங்க எல்லாம் சேந்து காட்ட மாட்டேங்குதுங்க." ஐம்பது வயது மனிதர், சன்னல் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். எதிர்க் கட்டடத்துச் சன்னல்களில் முகங்கள் தோன்றி, மரியாதையாக விலகிக்கொண்டன.

பிறகு கொங் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "யாரும் மறைக்கலண்ணே. ரெண்டோட பதிப்பு எண்ணும் பொருந்தல, அவ்வளவுதான். ஒரு வழி இருக்கு. மெஷினக் கேக்காம வம்படியா உள்ள திணிக்கலாம். ஆனா உறைஞ்சு போனாலும் போகும். அப்புறம் எழுந்திருக்குமான்னு நான் சொல்ல முடியாது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன எழுத்து, சொல்லு."

அதே வரிதான், நடுவில் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் கூடுதல். அழுத்துவதற்கு முன் யான் கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தார். அழுத்தினார். திரை அசையவில்லை. எதிரே ஆலையின் புகைபோக்கி, மதியத்து வெயில், கீழே செங் அக்கா யாரையோ அதட்டும் குரல். பிறகு புது வரி ஒன்று பிறந்து, கீழே சதுரம் ஒன்று கண்சிமிட்டியது.

"மெஷின் திட்டல," என்றார் நம்பாமல். "ஒண்ணுமே சொல்லல."

"ஒண்ணும் சொல்லலன்னா நல்லதுண்ணே! போன் கம்பிய மாத்திச் செருகுங்க. சீக்கிரம்."

கம்பியைத் தொலைபேசியிலிருந்து பிடுங்கும்போது அவர் கை நின்றது. ஏதாவது என்றால் நாங்களே கூப்பிடுவோம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். கம்பி கணினிக்குள் இருக்கும்வரை அந்த அழைப்பு வர முடியாது. வர முடியாது என்ற நினைப்பு ஒரு நிமிடம் அவருக்கு இதமாகக்கூட இருந்தது. அந்த இதத்துக்காகத் தன்னைத் திட்டிக்கொண்டு கம்பியைச் செருகினார்.

முதலில் எண்கள் விழும் ஒலி. அப்புறம் நீண்ட கீச்சு, கரகரப்பு, இரண்டு குரல்கள் ஒன்றையொன்று பிறாண்டிக்கொள்வது போல. "கத்துது!" என்று மேலே கொங் கூவினாள். குழாயைத் தட்டினாள். "கத்துதுண்ணே, உங்க பூனை கத்துது!"

கத்தல் அடங்கியது. கட்டில் எண்ணைத் தட்டினார், கடவுச்சொல்லைத் தட்டினார். வெள்ளைப் பக்கத்தில் மேலே இன்றைய தேதி வந்தது. அதற்குக் கீழே படம் மேலிருந்து கீற்றுக் கீற்றாக இறங்கியது. பச்சைச் சுவர். மருந்துப் புட்டியின் கொக்கி. புட்டி. கீழிறங்கும் குழாய். தலையணை. அதன் மேல் ஒட்ட வெட்டிய தலை. ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. அவள் கூந்தலை வெட்ட விட்டிருக்க மாட்டாள் என்று ஒரு கணமும், வெட்டியிருப்பார்கள் என்று மறுகணமும் நினைத்தார். நெற்றி வந்தது. இடப்புருவத்தின் நடுவே, திடீர் பிரேக்கில் கம்பியில் மோதி வாங்கிய தழும்பு.

படம் அங்கேயே நின்றுவிட்டது.

"என்னண்ணே தெரியுது?"

"அவதான்," என்றார். மறுபடி சொன்னார். "அவதான். புருவம் வரைக்கும் வந்திருக்கு."

"பொறுங்க. எதையும் தொட்டுராதீங்க."

அவர் தொடவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. திரையின் இடது ஓரத்தில், புருவத்துக்குக் கீழே, அடுத்த கீற்று மெல்ல நிறம் பிடிக்கத் தொடங்கியது.