மடத்துக்கு முதல் கல்

"அவளா கேட்டாளா, அவங்களா சொன்னாங்களான்னு கேளு" என்றார் கலைச்செல்வன் தன் மனைவியிடம். அவர் யாரைப் பற்றிக் கேட்டாரோ அவள் குழம்புச் சட்டியோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள். தம்பி அன்புராஜ் இறந்ததிலிருந்து அவன் மனைவி சகாயராணியிடம் அவர் நேராகப் பேசுவதில்லை. என்ன சொல்வதானாலும் செல்வகுமாரி வழியாகத்தான்.

"நான் கேக்கல மாமா. மதரே சொன்னாங்க" என்றாள் சகாயராணி.

கலைச்செல்வன் தட்டிலேயே கையைக் கழுவினார். போட்ட சோறு பாதிக்குமேல் அப்படியே இருந்தது. மகள் வெண்ணிலா காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். செல்வகுமாரிதான் ஆரம்பித்தாள். ஊரில் கழுத்தில் தாலியோடு எத்தனையோ பேர் இருக்கும்போது மடத்துக்கு முதல் கல்லை எடுத்து வைக்க இவள்தான் கிடைத்தாளா, அந்த வெள்ளைக்காரம்மாவுக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது, இவளுக்குமா தெரியாது என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். ஸ்பெயின் நாட்டிலிருந்து மூன்று கன்னியர்கள் அபிஷேகப்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு மடம் கட்ட வந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் நடத்துகிற சிஸ்டர்களை ஊருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி சிஸ்டர்களையும் தெரியும். இவர்கள் இரண்டுமில்லை. மடத்துக்குள் போனால் வெளியே வராமல் காலமெல்லாம் ஜெபத்தில் இருக்கிறவர்கள். அதனால் ஊருக்கு என்ன லாபம் என்று பலருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் வெளிநாட்டு மடம் நம் பங்குக் கோயில் எல்லையில் வருகிறது என்பதில் எல்லோருக்கும் பெருமைதான்.

மடம் எழும்பும்வரை தெருக்கோடியில் ஒரு வாடகை வீட்டில் அவர்கள் இருந்தார்கள். தலைவி மதர் கார்மென், வயதான சிஸ்டர் இனெஸ், அப்புறம் சின்ன வயதிலேயே ஸ்பெயினுக்குப் போய்ப் படித்துத் திரும்பிய தமிழ்ப் பெண் சிஸ்டர் பவுலின். அந்த வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். சகாயராணிதான் தினமும் குடங்களில் நல்ல தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். முருங்கைக்கீரை ஆய்வதையும், மழைக்காலத்தில் படி தாண்டுமுன் பாம்பு கிடக்கிறதா என்று பார்ப்பதையும் சொல்லிக் கொடுத்தாள். இனெஸ் சிஸ்டர் காய்ச்சலில் விழுந்தபோது அரியூர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போய், அவர் எழுந்து உட்காரும்வரை கட்டிலோரம் தரையில் படுத்துக்கொண்டாள். அவர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஊருக்கு அவள் அன்புராஜ் பொண்டாட்டி. கரும்பு லோடு கவிழ்ந்து அவன் செத்த பிறகு, அன்புராஜ் பொண்டாட்டியாக இருந்தவள்.

அவளுக்கு யாரும் வெள்ளைப் புடவை உடுத்திவிடவில்லை. அதெல்லாம் அந்தக் காலம் என்று செல்வகுமாரியே பெருமையாகச் சொல்லுவாள். ஆனால் வீட்டில் யாராவது நல்ல காரியமாகக் கிளம்பினால், அந்த நேரம் பார்த்துச் சகாயராணிக்குப் பின்பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். கல்யாண வீட்டில் அடுப்பை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் அவளைத் திட்டியதில்லை. திட்டத் தேவையே இல்லாதபடி அவளே ஒதுங்கப் பழகிவிட்டாள்.

கலைச்செல்வன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தன் அப்பன் சாதி காரணமாகக் கோயிலுக்குள் பெஞ்சில் உட்கார முடியாமல் கடைசிச் சுவரோரம் நின்று பூசை கண்டதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பொங்குகிறவர். போராடித்தான் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவைக்குத் தலைவராக வந்தார். அப்படிப்பட்டவருக்கு, தன் வீட்டில் ஒருத்தி அடுப்பங்கரைச் சுவரோரம் நிற்பது கண்ணில் படவேயில்லை.

"நாம போய்ச் சொன்னா நல்லா இருக்காது. அவளையே போய் வேணாம்னு சொல்லிட்டு வரச் சொல்லு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

மறுநாள் காலை சகாயராணி போனாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். எனக்கு உடம்பு சரியில்லை, வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். ஆனால் மதர் எதிரில் வந்து நின்று, பவுலின் சிஸ்டர் மொழிபெயர்க்கக் காத்திருந்தபோது, வாயில் வேறு வந்தது.

"வேணாம்னு சொல்லச் சொல்லி அனுப்பிச்சாங்க சிஸ்டர். சொல்லிட்டேன். ஆனா எனக்கு ஆசைதான்."

மதர் காரணம் கேட்டார். பவுலின் சிஸ்டர் தயங்கித் தயங்கி விளக்கினார். கேட்டு முடித்ததும் மதர் சிரித்தேவிட்டார். தன் முக்காட்டைத் தொட்டுக் காட்டி, எங்கள் மூன்று பேருக்கும் புருஷன் இல்லையே, அப்படியானால் நாங்கள் எப்படி இந்த ஊரில் மடம் கட்டுவது என்று கேட்டார். கல்லை நீதான் வைக்கிறாய் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது சகாயராணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று மாலையே கலைச்செல்வன் பேரவைக்காரர்களோடு மதரைப் பார்க்கப் போனார். குரலை உயர்த்தவில்லை. ஏழு சுமங்கலிகள் கல் எடுத்து வைப்பதுதான் இங்கே வழக்கம், கிறிஸ்தவர்களானாலும் நாங்களும் இந்த மண்ணில் பிறந்தவர்கள் என்றார். நீங்கள் ஆண்டவருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள், உங்கள் கதை வேறு என்றார். கடைசியில், லாரி போக என் வயலோரம் வழி விடுவதாகச் சொல்லியிருக்கிறேன், ஜனங்களுக்கு மனசில்லாவிட்டால் அதுவும் கஷ்டம்தான் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார். அந்த வழி இல்லாமல் மடத்து நிலத்துக்கு ஒரு கூடை மணல்கூடப் போகாது.

மதர் அதை இன்னொரு முறை சொல்லும்படி பவுலின் சிஸ்டரிடம் கேட்டார். பிறகு சம்மதித்தார்.

அந்தச் செய்தியோடு பவுலின் சிஸ்டர் வந்தபோது சகாயராணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, சரி சிஸ்டர் என்றாள். மாடு குடித்து முடிக்கும்வரை வாளியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

விழா அன்று ஆயர் வந்தார். பட்டுப் புடவையில் ஏழு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அதில் ஒருத்தி தனக்கொடி. அவள் புருஷன் கடலூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். ஊருக்கு வந்து பல வருஷம் ஆகிறது. ஆனாலும் எங்கேயோ அவன் மூச்சு ஓடிக்கொண்டிருந்ததால் அவள் கைக்கு மரியாதை இருந்தது. கல்லைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் ஒருமுறை பந்தலுக்குப் பின்புறம், சமையல் நடக்கும் பக்கம் பார்த்தாள். பிறகு குனிந்து வைத்தாள். வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சகாயராணி பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். மைக்கில் கேட்ட ஜெபத்துக்கு மற்றவர்களோடு ஆமென் சொன்னாள். கூட்டம் பந்தியில் உட்கார்ந்த பிறகு மதர் கார்மென் தனியாக அங்கே வந்தார். அங்கியில் சிமென்ட் தூசி. "தப்பு. நான் தப்பு" என்றார் உடைந்த தமிழில். சகாயராணி ஒரு தட்டில் சோறு போட்டு நீட்டினாள். மதர் புகைக்கு நடுவில் நின்றுகொண்டே சாப்பிட்டார். அப்போதுதான் சகாயராணி கேட்டாள். மொழிபெயர்க்க யாரும் இல்லாததால் கையைக் காட்டி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"புருஷன் செத்தவள உங்க மடத்துல சேப்பீங்களா?"

சேர்ப்பார்கள். ஸ்பெயினில் அவர்கள் மடத்திலேயே அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் கலைச்செல்வன் வீட்டில் பெரிய சண்டை. அடுப்பை யார் பார்ப்பது, மாட்டை யார் பார்ப்பது என்று செல்வகுமாரி அழுதாள். துரத்திவிட்டார்கள் என்று ஊர் பேசுமே என்று கலைச்செல்வன் பயந்தார். சகாயராணி யாரோடும் வாதாடவில்லை. ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் தெருவழியாக நடந்து போனாள். பக்தி ஒன்றுதான் காரணம் என்று அவளாலேயே சொல்ல முடியாது. யாரும் ஒதுங்கச் சொல்லாத ஒரு வீட்டில் இருந்து பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

மடம் எழும்பியது. பயிற்சிக் காலம் முடிந்து சகாயராணி அங்கியும் முக்காடும் பெற்றாள். அதன்பின் நடந்ததுதான் அவளுக்கே புரியவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கான அறையில் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று ஊர்ப் பெண்கள் பச்சைக் குழந்தையை அவளிடம் தொடக் கொடுத்தார்கள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அவள் கை தலையில் படக் குனிந்தார்கள். அதே கைதான். செத்த புருஷன் திரும்பி வந்துவிடவில்லை. துணிதான் மாறியிருந்தது. ஜெபத்தில் முழந்தாளிடும்போது இந்த நினைப்பு வந்தால் சந்தோஷமாகவும் இருக்காது, துக்கமாகவும் இருக்காது. நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் கலைச்செல்வன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். தாம்பாளத்தில் தேங்காய், அதன்மேல் புதுத் தாலி. வெண்ணிலாவுக்குக் கல்யாணம்.

"சிஸ்டர், நீங்க தொட்டுக் குடுக்கணும்" என்றார் அவர். கை கூப்பியிருந்தது.

சகாயராணி மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்தாள். திருக்கனூர்ப் பக்கம், ஒரே பையன் என்றாள் செல்வகுமாரி. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், அந்த அம்மா கரும்பு வெட்டப் போய்ப் படிக்க வைத்தார்கள், தங்கமானவர்கள் என்றாள்.

"அப்ப அவங்க தொட்டுக் குடுக்கட்டுமே" என்றாள் சகாயராணி.

செல்வகுமாரி கணவனைப் பார்த்தாள். "அவங்க வேற சிஸ்டர்."

"இன்னா வேற?"

கலைச்செல்வன் தாம்பாளத்தைக் கம்பிக்கு இன்னும் கிட்டத்தில் தள்ளி வைத்துவிட்டு மறுபடி கை கூப்பினார். சகாயராணி கைகளை அங்கிக்குள்ளிருந்து எடுக்கவில்லை.

அப்போது வெண்ணிலா எழுந்து தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டாள். எங்கேடி என்று அம்மா கேட்டதற்கு, வில்லியனூர் போய் பஸ் மாறினால் இருட்டுவதற்குள் திருக்கனூர் போய்விடலாம், வரப்போகிற மாமியார் கையால் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றாள்.

"ஊரு இன்னா பேசும்னு தெரியுமா உனக்கு?" என்றார் கலைச்செல்வன்.

"சித்திய அடுப்பாண்ட உக்கார வெச்சதும் இந்த ஊருதான்பா. இப்போ கையெடுத்துக் கும்புடறதும் இந்த ஊருதான்."

சித்தி. மடத்துக்கு வந்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. சகாயராணிக்கு ஆசீர் கொடுக்கத் தோன்றவில்லை. கம்பிகளுக்கு நடுவே விரல்களை நீட்டினாள். வெண்ணிலா அவற்றை இறுகப் பிடித்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். கொஞ்சம் தயங்கி நின்ற செல்வகுமாரியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மகள் பின்னால் போனாள்.

கலைச்செல்வன் மட்டும் எழுந்திருக்கவில்லை. கூப்பிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல், கம்பிக்கு எதிரே அப்படியே உட்கார்ந்திருந்தார்.