சிங்கத்துக்கு முதல் பரிசு

அறக்கட்டளையின் செயலாளர் அம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் 'மைக்கம்மா' என்று பெயர். அவர் கைக்கு மைக் போனால் மின்சாரம் போனால்தான் திரும்பி வரும். மின்சாரம் போன பிறகும் விடாமல் பேசி முடித்த சரித்திரமும் உண்டு.

பள்ளிப் பிள்ளைகளின் படைப்பாற்றலைக் கொண்டாட ஓவிய விழா நடத்தலாம் என்பது அவர் யோசனைதான். அதற்கு முந்தைய வருஷம் முதியவர்களுக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். கண் தெளிவாகத் தெரிந்ததும் முதியவர்கள் மேடையைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டார்கள். ஒரு போட்டோவும் தேறவில்லை. பிள்ளைகள் என்றால் சொன்னதும் சிரிக்கும். வரைந்த படங்களை வைத்து ஒரு காலண்டரும் போட்டுவிடலாம்.

தலைப்பு 'உதவும் கரங்கள்'. பெரிய கை ஒன்று சின்னக் கையைப் பிடித்திருக்க வேண்டும், மேலே சூரியன், ஓரத்தில் ஒரு புறா. எல்லாப் பள்ளிகளுக்கும் மாதிரிப் படம் போயிற்று. ஓவிய வாத்தியார் ஒருவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"மேடம், படைப்பாற்றல்னா அதுங்களா யோசிச்சு வரையறது இல்லையா?"

"தாராளமா யோசிக்கட்டும் சார். சூரியனுக்கு மஞ்சளா சிவப்பான்னு யோசிக்கட்டுமே!"

விழா நாளன்று மைக்கம்மா அழகு நிலையத்திலிருந்து நேராக அரங்கத்துக்கு வந்தார். தலைமுடிக்குச் செம்பழுப்புச் சாயம் பூசி, காற்றடித்த பலூன் மாதிரி உப்ப வைத்திருந்தார்கள். உடை ஆரஞ்சு நிறம். கடைசி வரிசையில் இருந்தாலும் கண்ணில் படும்.

ஆளுக்கொரு தாளும் வண்ணப் பெட்டியும் முன்னால் வைத்து, பிள்ளைகளைத் தரையில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலிகள் பெரியவர்களுக்கு. தலைமை விருந்தினரான பெயின்ட் கம்பெனி முதலாளி வரத் தாமதமானது. அதுவரை மைக்கம்மா பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பித்தார்.

"அங்க யாரு பேசறது? கையக் கட்டு! போட்டோ எடுக்கறப்ப எல்லாரும் சிரிக்கணும். இப்ப சிரிக்காத!"

"மிஸ், தண்ணி..."

"எல்லாம் போட்டோவுக்கு அப்புறம்!"

ஒருவழியாக முதலாளி வந்தார். மேடைக்கு மட்டும் முந்திரியும் குளிர்பானமும் போயின. மைக்கம்மா வரவேற்றார், அறிமுகம் செய்தார், அறிமுகம் செய்தவர்களுக்கு நன்றி சொன்னார். அறக்கட்டளைத் தலைவர் வழக்கம்போல அண்ணாந்து தூங்கிப் போனார். தரையில் இருந்த பிள்ளைகளுக்கு மேடை மேல் வரிசையாக இருந்த கால்களும், தலைவரின் காலுறை ஓட்டை வழியே எட்டிப் பார்த்த கட்டைவிரலும்தான் நன்றாகத் தெரிந்தன.

கடைசியில் முதலாளியின் முறை. மனிதர் நல்லவர்தான், ஆனால் மேடை ஏறினால் புதுசாக எதையாவது சொல்லியாக வேண்டும் என்ற வியாதி அவருக்கு.

"சொல்லிக் கொடுத்து வரையறது என்னங்க கலை? குழந்தைங்களா, கரமும் வேணாம் ஒண்ணும் வேணாம். இன்னிக்கு இங்க என்ன பார்த்தீங்களோ அத வரைங்க!"

மைக்கம்மா எழுந்து தடுக்கப் போனார். ஆனால் காலண்டருக்குக் காகிதமும் அச்சுச் செலவும் முதலாளியுடையவை. சிரித்துக்கொண்டே கை தட்டினார்.

பிள்ளைகள் குனிந்தார்கள். அதுவரை கட்டியிருந்த கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் அவிழ்ந்தன. சற்று நேரம் பொறுத்து வரிசைகளுக்கு நடுவே நடந்து பார்த்த மைக்கம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு தாளில் தலைவர், வாய் குகை மாதிரி. அடுத்ததில் முந்திரித் தட்டு, அதைச் சுற்றிக் கைகள். இன்னொருவன் வெறும் கட்டைவிரலை மட்டும் தாள் முழுக்க வரைந்து, நகத்துக்கு நிழல் வேறு கொடுத்திருந்தான்.

"இதெல்லாம் முதலாளி கண்ணுல படக் கூடாது. எடுத்து உள்ள வைங்க!" என்று உடன் வந்த ஓவிய வாத்தியாரின் காதைக் கடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். கண்ணால பார்த்தத அப்படியே..."

"சார்!"

அப்போதுதான் முன்பல் விழுந்த ஒரு சிறுமியின் தாள் கண்ணில் பட்டது. தாள் முழுக்க ஒரு சிங்கம். செம்பழுப்புப் பிடரி சிலிர்த்து நிற்க, ஆரஞ்சு உடம்பு, அகலத் திறந்த வாய், முன்னங்காலில் ஓர் எலும்பு, கீழே புல்வெளி. மைக்கம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அரங்கத்தில் சிங்கம் எங்கே வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. மற்றப் படங்களைப் பார்த்த பிறகு சிங்கம் சைவமாகத் தெரிந்தது.

"அப்பாடா! ஒரு பிள்ளையாவது உருப்படியா வரைஞ்சிருக்கு. இதுக்குத்தான் முதல் பரிசு!"

சிறுமியை மேடையேற்றி, படத்தை உயர்த்திப் பிடித்தார்.

"பாருங்க, சிங்கம்! தைரியத்தோட அடையாளம்! நம்ம அறக்கட்டளையோட சேவையை இந்தப் பிஞ்சு உள்ளம் சிங்கமா பார்த்திருக்கு! சொல்லும்மா, இந்தச் சிங்கம் எதுக்குக் கர்ஜிக்குது?"

மைக்கை அந்தப் பிள்ளையின் வாய்க்கு நேராக நீட்டினார். அவராக மைக்கை இன்னொருவருக்கு நீட்டியது அதுதான் முதல் தடவை.

"சிங்கம் இல்ல ஆன்ட்டி. நீங்க."

முதலாளி எட்டிப் பார்த்து, "அப்ப அந்த எலும்பு?" என்றார்.

"எலும்பு இல்ல அங்கிள். மைக்கு."

பெற்றோர் வரிசையில் யாருக்கோ இருமல் வந்தது. அது அடக்கிய சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது. மைக்கம்மா தப்பிக்க வழி தேடி, "கீழ புல்லு அழகா போட்டிருக்கல்ல?" என்றார்.

"புல்லு இல்ல. அது நாங்க."

முதலில் சிரித்தது முதலாளி. பிறகு அரங்கமே அதிர்ந்தது. சத்தம் கேட்டு விழித்த தலைவர் நன்றியுரை முடிந்தது என்று நினைத்துப் பலமாகக் கை தட்டினார். சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. பரிசு உண்டா இல்லையா என்ற கவலையில் மைக்கம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மைக்கம்மா படத்தைத் திருப்பித் தன் பக்கம் வைத்துப் பார்த்தார். புல் என்று நினைத்த ஒவ்வொரு கீற்றுக்கும் ஒரு தலை இருந்தது, கட்டிய கை இருந்தது. மைக்கை எடுத்தார். பரிசுக் கேடயத்தைச் சிறுமியின் கையில் கொடுத்துவிட்டு, "போய்த் தண்ணி குடிங்க எல்லாரும்" என்று மட்டும் சொன்னார். அறக்கட்டளையின் வரலாற்றிலேயே சுருக்கமான உரை அதுதான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

காலண்டர் அட்டையில் எது வர வேண்டும் என்பதில் முதலாளி பிடிவாதமாக இருந்தார். அச்சாகி வந்த கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, மைக்கம்மா கூடத்து மேசையில் குப்புறப் போட்டு வைத்தார். பல் மருத்துவரான கணவர் சாப்பிட உட்காரும்போது அதைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"உன்ன யாரு வரைஞ்சது? பிரமாதமா இருக்கே! கடைவாய்ப் பல்லு வரைக்கும் தெரியுது பாரு."

மைக்கம்மா தட்டை வைத்தார். கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தார்.

அடுத்த செயற்குழுவில் இந்த வருஷமும் ஓவியம்தானா என்று யாரோ கேட்டார்கள்.

"வேணாம். பிள்ளைங்களுக்குள்ள இன்னும் எவ்வளவோ திறமை ஒளிஞ்சிருக்கு," என்றார் மைக்கம்மா. "பாட்டு வைப்போம். பாட்ட நாமளே எழுதிக் கொடுத்துடலாம்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தலைவர் தூக்கத்திலேயே கையைத் தூக்கினார்.