படத்தில் ஏறிய கன்னம்

1999ஆம் ஆண்டு, பேக்கரியில் பாண் விலை ஏறிய அதே மாதத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனை பிறிஜெற் யேசுரட்ணத்தின் புகைப்படம் கொழுக்கத் தொடங்கியது. படம் அப்போது கொட்டாஞ்சேனையில் இல்லை. ஐரோப்பாவின் குளிர்நாடு ஒன்றில், அவருடைய கணவர் கிளெமென்றின் பர்ஸுக்குள் இருந்தது. இருவருக்கும் 1996இல் பதிவுக் கலியாணம், அதாவது எழுத்து, நடந்தது. அடுத்த கிழமையே கிளெமென்ற் பிளைட் ஏறிவிட்டார். அங்கே அகதி வழக்கு வென்றதும் மனைவியைக் கூப்பிடுவது, கோயில் கலியாணத்தை அந்த ஊரிலேயே வைப்பது என்று ஏற்பாடு. எழுத்தன்று எடுத்த படத்தில் இருபத்தாறு வயதுப் பிறிஜெற் கன்னம் நிறைந்து, கீழுதடு சற்றே முன்தள்ளி, படம் பிடிப்பவரோடு வாக்குவாதத்துக்குத் தயாரானவர்போல நின்றார். அந்தப் படம்தான் மூன்று வருடம் சும்மா கிடந்துவிட்டு மெல்ல மெல்லத் தடிக்கத் தொடங்கியது. முதலில் பர்ஸ் மூட மறுத்தது. ஈரம் பிடித்துவிட்டது என்று நினைத்த கிளெமென்ற் அதை ஹீற்றரின் மேல் வைத்துக் காயப்போட்டார். காய்ந்த படம் இன்னும் கொஞ்சம் மொத்தமாகி, தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருந்தது. அவர் பெரிய பர்ஸ் வாங்கினார். அதுவும் போதாமல் கோட்டின் உள்பைக்கு மாற்றினார். கடைசியில் பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

அதே வருடங்களில் கொட்டாஞ்சேனையில் பிறிஜெற்றின் கன்னங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கந்தோரில் அவர் தட்டெழுத்தாளர். நேரத்துக்குச் சாப்பிட்டார், நேரத்துக்கு நித்திரை கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் முகத்தில் ஒரு கரண்டி குறைந்திருந்தது. சீனி வருத்தமோ என்று சோதித்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற தகப்பன் ஹெக்டர் செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். ஞாயிறு பூசை முடிந்ததும் பிறிஜெற் சந்திக் கொமினிகேஷன் கடைத் தொலைபேசியில் கணவருடன் கதைப்பார்.

"பிறிஜெற், உம்மட படம் நல்லா மொத்தமாப் போச்சுது. நீர் வடிவாச் சாப்பிடுறீர் போல."

"ஓம், சாப்பிடுறன். உங்களுக்கு எப்பவும் பகிடிதான்."

அதற்குள் லைன் அறுந்துவிடும். ஒரு பக்கம் கூடியதையும் மறுபக்கம் குறைந்ததையும் சேர்த்துப் பார்க்க அந்தத் தொலைபேசி யாரையும் விட்டதில்லை.

கிளெமென்றின் வழக்கு 2005இல்தான் வென்றது. பிறிஜெற் விசா நேர்முகத்துக்குப் போனார். அந்த நாட்டின் பெயரை எழுதவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள் என்பது அவருடைய கட்சி. அதுவும் நியாயம்தான். ஒருத்தியின் பெயரில் இன்னொருத்தி பறந்த கதைகள் அந்த அலுவலகத்தில் நிறையக் கிடந்தன. தாடி வைத்த, மெதுவாகக் கதைக்கும் அதிகாரி ஒருவர் எழுத்தன்று எடுத்த படத்தின் இன்னொரு பிரதியை மேசையில் வைத்து, மொழிபெயர்க்கும் பெண் மூலமாக, "இது நீங்களா?" என்று கேட்டார். நான்தான் என்றார் பிறிஜெற். அதிகாரி படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இருப்பவர் நேரில் வரவில்லை என்று எழுதி, கோப்பைத் திருப்பிவிட்டார். மூன்று தடவை வரலாம், மூன்றாவதும் தவறினால் கோப்பு மூடப்படும் என்று மொழிபெயர்க்கும் பெண் இரக்கத்தோடு சொன்னார். ஒன்பது வருடம் காத்திருந்தது ஒரு மேசைக்கு முன்னால் தன் முகம் தன்னுடையதல்ல என்று கேட்கவா என்று பிறிஜெற் பஸ்ஸில் அழுதார். பக்கத்தில் இருந்தவர் யாரோ செத்த வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்து இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் அவர் அவசரப்பட்டார். வெள்ளவத்தையில் குறுக்கு வீதியொன்றில் புதிதாகத் திறந்திருந்த சலூனில் கன்னத்துக்கும் உதட்டுக்கும் ஊசி போட்டு முகத்தை நிரப்பிவிடுகிறார்களாம் என்று கந்தோரில் கதை அடிபட்டது. பிறிஜெற் போனார். அவர்கள் பழைய முகம் எப்படியென்று கேட்கவில்லை, சுவரில் ஒட்டியிருந்த நடிகையின் படத்தைக் காட்டி அப்படியே செய்துவிடலாம் என்றார்கள், ஒரே இருப்பில் செய்தும் விட்டார்கள். அந்த ஞாயிறு பிறிஜெற்றின் உதடுகள் அவருக்கு முன்பாகவே பூசைக்கு வந்துசேர்ந்தன. அவை வாங்குப் பலகையில் இடம் பிடித்துவிட்டன. வருகைப் பாட்டு பாதியில் இருக்கும்போதுதான் மிச்சப் பிறிஜெற் மூச்சிரைக்க ஓடிவந்து அவற்றோடு சேர்ந்துகொண்டார். சுவாமி பார்த்தும் பாராதவர்போலப் பிரசங்கத்தைத் தொடங்கினார். சோதனைச்சாவடியில் உதடுகள் முதலில் போக, அவற்றுக்கு வேறு அடையாள அட்டை உண்டா என்று ஆமிக்காரர் சிங்களத்தில் விசாரித்தார். பிறகு அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, "மே கவுத?" என்றார். இது யார் என்ற அந்தக் கேள்விக்குப் பிறிஜெற் அட்டையில் இருந்த பெயரையே வாசித்துக் காட்டினார். இரண்டாம் நேர்முகத்திலும் அதே கூத்துத்தான். அவர் வெளியே வரிசையில் நிற்கும்போதே உதடுகள் உள்ளே போய்க் கதிரையில் இருந்துவிட்டன. தாடிக்காரர் ஒழுங்கு தவறாமல் அவற்றிடமே கேள்விகளைக் கேட்டார். அவை ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. கோப்பு மறுபடியும் திரும்பியது.

இனி ஒரு தடவைதான் மிச்சம். கந்தோரில் ஒருவர் சொல்லி, வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் தண்டவாளத்துக்கு முதுகு காட்டியிருந்த கட்டடத்தில் தோல் வைத்தியர் லுத்பியாவிடம் பிறிஜெற் போனார். லுத்பியா நாற்பது வயதுப் பெண். பட்டங்களைச் சுவரில் மாட்டாமல் அலுமாரிக்குள் வைத்திருந்தார். றெயில் போகும்போது கட்டடம் முழுவதும் நடுங்கும் என்பதால் றெயிலுக்கும் றெயிலுக்கும் இடையில்தான் ஊசியைத் தொடுவார். முதல் வேலையாகச் சலூன்காரர் போட்டதையெல்லாம் கரைக்கும் மருந்து ஒன்றைப் போட்டு, உதடுகளை வீட்டுக்கு வரவழைத்தார். அடுத்த கிழமை வரச்சொல்லி, கதிரையில் இருத்தி, பிறிஜெற்றைக் கதைக்கச் சொன்னார்.

"என்னத்தக் கதைக்கிறது, டொக்டர்?"

"என்னமாவது செல்லுங்க. ஏசுங்க, சிரிங்க. சும்மா இரிக்கிற மொகத்த நான் பாக்கிற இல்ல."

பிறிஜெற் மீன்காரனோடு அன்று காலை நடந்த சண்டையைச் சொன்னார், சலூன்காரரை ஏசினார், ஏசும்போது சிரித்தார். லுத்பியா கன்னம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, தன் எண்ணத்துக்கு முகம் செய்ய ஏலாது, இது முதலில் எப்படி இருந்தது என்று தெரியவேண்டும், பழைய போட்டோ ஒன்று கொண்டுவாருங்கள் என்றார். ஸ்ரூடியோ மூடி வருடக்கணக்காகிவிட்டது. ஒரு பிரதி தூதரகத்தில், மற்றது பிஸ்கட் ரின்னில். கிளெமென்ற் மனமில்லாமல் அதைத் தெமட்டகொடைக்கு லீவில் புறப்பட்ட ஸவாஹிர் என்ற கூட்டாளியிடம் கொடுத்துவிட்டார். வழியில் சோதனைச்சாவடியில் ரின்னைத் திறக்கச் சொன்னார்கள். ஆமிக்காரர் படத்தின் கன்னத்தை விரலால் அமுக்கினார். கன்னம் குழிந்து, பிறகு தானாக நிமிர்ந்தது. நோனா நல்ல சுகமாக இருக்கிறார் என்று சொல்லி மூடிக் கொடுத்துவிட்டார்.

லுத்பியா படத்தைக் கையில் வாங்கி, பிறிஜெற்றைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தார். அவர் ஆச்சரியப்படவில்லை. அந்த வருடங்களில் கொழும்பில் தொழில் செய்தவர், இதைவிட நம்பமுடியாதவற்றைக் காலைப் பத்திரிகையில் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். "ஒங்கட சதை வேற எங்கயும் போகல்ல, இந்தா இரிக்கி," என்று மட்டும் சொன்னார். மிக மெல்லிய ஊசியைப் படத்தின் கன்னத்தில் குத்தி இழுத்தபோது இளநீர் வழுக்கையைக் கரைத்ததுபோல ஒன்று ஊசிக்குள் ஏறியது. கல்கிசைப் பக்கம் றெயில் போய் முடிய, அதைப் பிறிஜெற்றின் கன்ன எலும்போரம் கொஞ்சமாக வைத்தார். இன்றைக்கு இவ்வளவுதான், அது போய் இருந்து பழகட்டும் என்று அனுப்பிவிட்டார். சில கிழமை கழித்து வாயின் இரு பக்கமும் கொஞ்சம். அதற்குப் பிறகுதான் உதடு, அதுவும் கீழுதட்டின் ஓரத்தில் ஒரு கோடு. ஒவ்வொரு தடவையும் பிறிஜெற் யாரையாவது ஏசிக்காட்ட வேண்டியிருந்தது. ஏசுவதற்கு அந்த வருடம் ஆள் பஞ்சம் இருக்கவில்லை.

படத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது லுத்பியா ஊசியை வைத்துவிட்டார். பிறிஜெற் கதிரையை விட்டு எழும்பவில்லை. "எல்லாத்தையும் போடுங்கோ டொக்டர். அந்தப் படத்தில இருக்கிறவதான் வேணுமாம். இந்த முறையும் இல்லையெண்டால் எனக்கு வேற வழியில்ல." கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார்.

"முழுசாப் போட்டா நீங்க இருவத்தாறு வயசுப் புள்ள," என்றார் லுத்பியா. "பதினொரு வருஷம் எங்க போற? அது நடந்ததுதானே. அதயும் மொகத்தில வெக்கோணும். இல்லாட்டி நீங்க காத்துக்கொண்டு இரிந்ததே பொய்யாப் போகும்."

பிறிஜெற் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். வீட்டில் ஹெக்டர் மகளை நிமிர்ந்து பார்த்து, "பிள்ள, முழுகினியோ?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார். கந்தோரில் லீவு எடுத்து எங்காவது போனீர்களா என்று கேட்டார்கள். மீன்காரன் நல்ல நித்திரை போல என்றான். ஒருவராவது முகத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. சோதனைச்சாவடியில் அட்டையைப் பார்த்தவர் தலையைக்கூடத் தூக்காமல் போ என்று கையைக் காட்டினார். யாருக்கும் தெரியவில்லையென்றால் ஒன்றும் ஆகவில்லை என்றுதானே அர்த்தம் என்று பிறிஜெற் எண்ணி எண்ணிக் குமைந்தார். நேர்முகத்துக்குப் போகும் காலையில் சேலையை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டியதை அவரே பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

2007இல் தாடிக்காரர் கொஞ்சம் நரைத்திருந்தார். வழக்கம்போல் படத்தை மேசையில் வைத்தார். பிறிஜெற் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார். அவர் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி பார்க்காமல் கோப்பைப் புரட்டினார். கிளெமென்றின் தாயார் பெயர் என்ன, அவருக்கு எந்தக் கறி பிடிக்கும் என்று என்னென்னவோ கேட்டார். கிளெமென்றுக்கு எந்தக் கறியும் தெரியாது, வைத்ததைத் தின்னுவார் என்று பிறிஜெற் சொன்னார். மொழிபெயர்க்கும் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியாக, எத்தனை வருடம் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"பதினொண்டு."

அதிகாரி அவருடைய முகத்தைப் பார்த்துத் தன் மொழியில் ஒரே சொல் சொன்னார். மொழிபெயர்க்கும் பெண் பேனையை மேசையில் வைத்துவிட்டு, தானாகவே பிறிஜெற்றின் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"தெரியுதாம்," என்றார்.

முத்திரை விழுந்தது. பிறிஜெற் நேரே வெள்ளவத்தைக்குப் போய், கதவைத் தட்டாமல் உள்ளே புகுந்து, வேறொருவரின் நெற்றியில் ஊசி பிடித்திருந்த டொக்டரைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தார். கை ஆடும், வெளியே இருங்கள் என்று ஏச்சு விழுந்தது. வெளியே இருந்து, றெயில் ஒன்று போக, அதன் சத்தத்துக்குள் ஆசைதீரக் கத்திச் சிரித்தார். கொட்டாஞ்சேனையில் ஹெக்டர் செய்தி கேட்டுச் சீனவெடிச் சரம் ஒன்றை வாசலில் கொளுத்திவிட்டார். அந்த வருடத்தில் செய்யக்கூடிய காரியம் அல்ல அது. குண்டு என்று நினைத்து வீதி முழுவதும் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. ஜீப்பில் வந்திறங்கிய ஆமிக்காரருக்கு ஹெக்டர் விசாவைக் காட்டினார். அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆளுக்கொரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கட்டிலுக்குக் கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து மிச்சக் கேக்கைத் தின்றார்கள்.

படத்தைப் பிறிஜெற் பெட்டிக்குள் போடாமல் கையிலேயே கொண்டுபோனார். அந்த ஊர் விமான நிலையத்தில் கிளெமென்ற் பூங்கொத்தோடு நின்று, வந்தவர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு நேரே அவரிடம் வந்தார் என்று கேள்வி. கோயில் கலியாணம் ஒரு பனி கொட்டும் சனிக்கிழமை நடந்தது. அதற்குப் பிறகு போர் முடிந்தது, பாண் விலை பல தடவை ஏறியது, பிறிஜெற்றுக்குக் கண் ஓரத்தில் சுருக்கமும் விழுந்துவிட்டது. படம் அவர்களுடைய சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, ஒரு சிறிய பாண் துண்டு அளவு தடிப்போடு இருக்கிறது. மிச்சம் இருப்பதைக் கிளெமென்ற் இடைக்கிடை ஞாபகப்படுத்துவார். தேவையென்றால் எடுக்கலாம் என்று பிறிஜெற்றும் சொல்வார். இதுவரை தேவைப்படவில்லை.