பிட்டர் சோலைமலையின் பிஸ்டல்

வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த சோலைமலைக்கு, நாற்பத்தாறாவது வயதில் ஒரு விளையாட்டுப் பிஸ்டல்மீது ஆசை வந்தது. அந்த வயதுக்குள் ஒரு மனிதனுக்கு வரவேண்டிய மற்ற ஆசைகளெல்லாம் வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, ஆளில்லை என்று திரும்பிப் போயிருந்தன.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஏப்ரலில், நுவரெலியா சீசன் கடையொன்றில் அதை வாங்கினார். போர் நின்று, சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். இல்லாவிட்டால் அப்படியொரு சாமானை ஒரு தமிழன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவதைக் கனவிலும் நினைக்க முடியாது. சீனத்துப் பிளாஸ்டிக். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட்டு விசையை அழுத்தினால், மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் குண்டு ஒன்று பத்தடி பறந்து, வெட்கப்பட்டு விழும். நுனியில் செம்மஞ்சள் மூக்கு. இரண்டு பாதிகளை ஒட்டிய தழும்பு உடம்பு முழுக்க ஓடியது. "என்னைய மாதிரியே செஞ்சிருக்கானுங்க" என்றார் சோலைமலை. கேட்க ஆளில்லை.

ஆளில்லாததற்குக் காரணம் பதவி உயர்வு. முன்பு தொழிலாளர் லயத்தில் இருந்தார்; பக்கத்து வீட்டுச் சண்டை, ரேடியோ, தாளிப்பு எல்லாம் சுவர் வழியாக இலவசமாக வந்துகொண்டிருந்தன. பிட்டரானதும் ஃபெக்டரிக்குப் பின்னால் தனிக் குவாட்டர்ஸ் கொடுத்தார்கள். அன்றிலிருந்து லயத்துப் பக்கம் போனால், "ஐயா வர்றாரு" என்று பேச்சை நிறுத்தினார்கள். உத்தியோகத்தர்களின் கிளப்புக்குப் போனால், "என்ன, லைட் போயிட்டுதா?" என்று கேட்டார்கள். வெள்ளைச் சட்டையோடு போனபோதும் அதையேதான் கேட்டார்கள்.

எனவே மாலை நேரங்களைப் பிஸ்டலுக்குக் கொடுத்தார். தண்ணீர் தொட்டுத் தொட்டுச் சாண்ட் பேப்பரால் தழும்பைத் தேய்த்து எடுத்தார். செம்மஞ்சள் மூக்கை வெட்டிவிட்டு, ஃபெக்டரியில் கழித்துப்போட்ட பித்தளைத் துண்டைக் கடைந்து வளையமாகப் போட்டார். கறுப்புப் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் பென்சில் கரியைத் துணியில் தொட்டுத் தேய்த்தார்; பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இரும்பானது. கைக்குக் கனம் வேண்டுமென்று உள்ளே ஈயக் கட்டி வைத்தார். பிடிக்கு மட்டும் மூன்று மாதம் போனது. பிடுங்கிப்போட்ட கிழட்டுத் தேயிலைச் செடியின் அடிக்கட்டை அது. கல்லு மாதிரி மரம். இழைக்க இழைக்க உள்ளே தேன் நிறத்தில் ரேகை ஓடியது.

முடிந்தபோது அது துரை பங்களாக் கண்ணாடி அலமாரியில் வைக்கத்தக்கதாக இருந்தது. அப்போதுதான் சோலைமலைக்கு ஒரு விஷயம் உறைத்தது. இதை யாரிடமும் காட்ட முடியாது. பொம்மையாக இருந்தவரை கொண்டுபோய் எவரிடமும் காட்டியிருக்கலாம். தானே தேய்த்துத் தேய்த்து அதை நிஜமாக்கித் தொலைத்துவிட்டார்.

ஒரே ஒருவர் போதும். கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "யாரு செஞ்சது?" என்று கேட்டால் போதும். கேள்வியை அவரே கண்ணாடி முன்னால் கேட்டுப் பார்த்தார். "சும்மா, நான்தாங்க" என்று பதிலையும் சொல்லிப் பார்த்தார். இரண்டு பேருக்குமே நடிப்பு வரவில்லை.

ஆகஸ்டில் பிடிக்குக் கடைசி வார்னிஷ் பூசினார். பனியும் தூறலும். ஐந்து நாளாகியும் விரல் ஒட்டியது. வெதுவெதுப்பான காற்று வீசும் இடம் தோட்டத்தில் ஒன்றுதான் உண்டு: ஃபெக்டரி மேல்மாடி, கொழுந்தை வாட வைக்கும் இடம். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பது பிட்டருக்குத் தெரியாததல்ல. வாசனைச் சவர்க்காரம் போட்டு வந்த பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பும் இடம் அது. பகல் கொழுந்து வருமுன் ஒரு மணி நேரம் மட்டும், என்று உத்தரத்திலிருந்து நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

பத்து நிமிடத்தில் கீழே ரோலர் பெல்ட் அறுந்தது. அறுந்த பெல்ட்டோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டியதில் மேலே தொங்கியது மறந்தே போயிற்று.

டீமேக்கர் பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்காகவே சம்பளம் வாங்குகிறவர். மாலை ஒரு பிடி கொழுந்தை எடுத்து முகர்ந்தார், முகம் கோணிற்று. வாசத்தைப் பிடித்துக்கொண்டே மூலைக்குப் போய் நிமிர்ந்தார். நெற்றிக்கு நேரே பிஸ்டல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயோ! ஆரடாப்பா இதை இங்கை கட்டித் தூக்கினது? என்னை உள்ளுக்கை தள்ளவோ நிக்கிறியள்?"

அவர் ஆபீசுக்கு ஓடி டெலிபோன் பண்ணிவிட்டு வந்த பிறகுதான், விஷயம் கேட்டு மேலே ஓடிவந்த சோலைமலை நடந்ததைச் சொன்னார். "பொம்மைங்க ஐயா. நான்தாங்க காயப் போட்டேன்."

"பொம்மையோ! உமக்கு விசரே? யாழ்ப்பாணத்தான் நிக்கிற கட்டிடத்திலை துவக்கு! ஆர் நம்புவினம்? நான் பொலிசுக்குச் சொல்லிப்போட்டன். இனி வாயைத் திறவாதையும். சின்னப் பிள்ளையின்ர சாமான் எண்டு நான் சொல்லிச் சமாளிக்கிறன், கேட்டுதோ?"

ஜீப்பில் சார்ஜன்ட் அபேகோனும் துப்பாக்கியோடு இரண்டு பேரும் வந்தார்கள். சார்ஜன்ட் ஐம்பது வயது மனிதர். நூலை அறுத்து, பிஸ்டலின் மேல்பாகத்தை இழுத்தார். வெள்ளைக் குண்டொன்று துள்ளி விழுந்து கொழுந்துக்குள் உருண்டது. எல்லாரும் மூச்சுவிட்டார்கள்.

"பொம்மை மாத்தயா. யாரோ பிள்ளை கொண்டுவந்து போட்டிருக்கு" என்றார் பேரின்பநாயகம் சிங்களத்தில்.

"சரி, சரி" என்று பைக்குள் போடப்போன சார்ஜன்ட், நிறுத்தினார். கட்டைவிரல் பிடியின்மேல் போய்வந்தது. வெளிச்சத்துக்குத் திருப்பினார். பித்தளை வளையத்தை நகத்தால் தட்டினார். பிறகு கொச்சைத் தமிழில் கேட்டார்:

"இது யாரு செஞ்சது?"

பேரின்பநாயகம் கண்ணால் கெஞ்சினார். சோலைமலைக்கு விளங்காமலில்லை. வாயை மூடிக்கொண்டால் அத்தோடு முடிந்தது. திறந்தால் வேலை போகலாம். சமாதானம் என்றாலும் ஆளையே கொண்டுபோகலாம். ஆனால் கேள்வி கேட்டாயிற்றே. இனி இந்தப் பிறவியில் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

"நான்தாங்க மாத்தயா," என்றார். அதோடு நிற்கவும் இல்லை. "பிடி தேயில மரங்க. உள்ள ஈயம் வச்சிருக்கேன், தூக்கிப் பாருங்க, கனம் சரியா இருக்கும். பளபளப்பு பெயின்ட் இல்லைங்க, பென்சில் கரி."

பேரின்பநாயகம் தலையில் கைவைத்தபடி ஒரு கொழுந்துக் கூடையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

வேலை போகவில்லை. வார்னிஷ் வாசமடித்த தேயிலைக்காகத் துரை அரைமணி நேரம் ஏசினார். பிட்டர் இல்லாமல் மெஷின் ஓடாது என்பதால் அத்தோடு விட்டார். டீமேக்கர் பேச்சை நிறுத்தினார். லயத்தில் "பிஸ்டல் ஐயா" என்று பெயர் வைத்து, முன்பைவிடச் சீக்கிரமாகப் பேச்சை நிறுத்தினார்கள். பொலிசில், விசாரணை முடியும்வரை ஞாயிறுதோறும் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"பாவம் அந்தாளு" என்றார்கள் எல்லாரும். சோலைமலை முதல் ஞாயிறு, உள்ளே வைத்துவிட்டால் என்று மாற்றுச் சட்டையொன்றையும் பையில் எடுத்துக்கொண்டுதான் போனார். கையெழுத்துப் போட்டு முடிந்ததும் சார்ஜன்ட் மேசை லாச்சியை இழுத்து, பிஸ்டலை எடுத்து முன்னால் வைத்தார்.

"உக்காரு மல்லி" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. "நான் ஆறு வருசம் ஆயுதக் களஞ்சியத்தில இருந்தது. துவக்கு எல்லாம் தொடைச்சது. இந்த மாதிரி மினுக்கம் எனக்கு வர இல்லை. என்ன துணி?"

"பழைய பனியன் துணிங்க மாத்தயா. புதுசு கீறும்."

அடுத்த ஞாயிறு வட்டம் வட்டமாகத் தேய்ப்பதா, நீளவாக்கிலா என்பதில் இருவருக்கும் சண்டையே வந்தது. மூன்றாம் ஞாயிறு பிளேன்டீ வந்தது. நாலாம் ஞாயிறு சார்ஜன்ட் தன் மகளின் கல்யாணப் பேச்சு குழம்பிய கதையைச் சொன்னார். சோலைமலைக்குச் சொல்ல அப்படிக் கதை ஏதுமில்லாததால், தன்னைப் பார்க்க வந்த பெண் வீட்டார் பல்ப் மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் போன கதையைச் சொன்னார். சார்ஜன்ட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவ்வளவு சிரிப்பு அந்தக் கதையில் இருப்பது சோலைமலைக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆறாம் ஞாயிறு சார்ஜன்ட் நின்றுகொண்டே வரவேற்றார்.

"நல்ல செய்தி மல்லி! பைல் மூடியாச்சு. நுனிக்குச் சிவப்புப் பெயின்ட் அடிச்சிரு, அவ்வளவுதான். கொண்டுபோ."

பத்திரிகைத் தாளில் சுற்றிய பிஸ்டல் கைக்கு வந்தது.

"அப்ப வாற ஞாயிறு மாத்தயா?"

"வர வேணாம். நீ ஃப்ரீ!"

"வேற ஏதாச்சும் குத்தம் பண்ணியிருப்பேன், நல்லா தேடிப் பாருங்க மாத்தயா."

சார்ஜன்ட் தோளில் தட்டி, வாய்விட்டுச் சிரித்தார். கூட நின்ற கான்ஸ்டபிளுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார். அவனும் சிரித்தான். பிறகு டெலிபோன் அடித்தது. சார்ஜன்ட் உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு காலை சோலைமலை குளித்து, சட்டை மாற்றி, பஸ் ரோட்டுவரை இறங்கி வந்தார். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "டவுனுக்கா அண்ணே? ஏறுங்க, ஏறுங்க" என்றான்.

"இல்ல தம்பி, சும்மா நிக்கிறேன்."

"சும்மா நிக்கிறதுக்கா கைய நீட்டுனீங்க?"

அப்போதுதான் சோலைமலை தன் கையைப் பார்த்தார். நீண்டுதான் இருந்தது. அதை மடக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே விசிலடிக்க, பஸ் வளைவில் திரும்பியது.

இன்னொரு பஸ் வர ஒரு மணி நேரமாகும். அவர் நின்றார்.