சாம்பல் நடை

கன்னத்தில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கின்றன, அவற்றின் மேல் வெள்ளையைக் குழைத்துப் பூசுகிறாள் அமலி, கண்ணாடியில் முதலில் மோதிர விரலின் தடம் மறைகிறது, பிறகு நடுவிரல், வலிக்கிறது, வலிக்காமல் என்ன செய்யும், மத்தியானம் சோற்றுத் தட்டை விசிறியடித்துவிட்டு புருஷன் பெனடிக்ட் அறைந்த அறை அது, மூஞ்சில மாவ பூசிக்கிட்டு ஊர் முன்னாடி ஆடப் போறியாடி, மேடை ஏறிப் பாரு, அங்கயே மிதிச்சுக் கொன்னுடுவேன் என்றான், கல்யாணமான முதல் வாரமே மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று விழுந்த கைதான் அது, அன்றைக்கே அவள் ஒரு வித்தை கற்றுக்கொண்டாள், அடி விழும்போது உடம்பை விட்டு வெளியே போய்விடுவாள், சுவரோரம் நின்று யாரோ ஒருத்தி அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

புதுச்சேரிக் கடலோரத்துப் பழைய கிடங்கிற்கு அவள் போனது ஆட்டத்துணி தைத்துக் கொடுக்கத்தான், புட்டோ என்கிற அந்த ஜப்பானிய ஆட்டத்தை அங்கே நடத்திய ஹருயோ, அமலி வயதுதான் இருக்கும், நீயும் வந்து நில்லு என்று கையைப் பிடித்து இழுத்தாள், திக்கித் திணறும் தமிழில், உடம்பு காலி பண்ணு, நீ நடக்காதே, ஏதோ உன்னை நடத்துது என்கிறாள், அதற்குப் பெயர் சாம்பல் நடை, எரிந்து முடிந்தது உதிராமல் மெல்ல மெல்ல நகர்வது, இப்போ பூச்சி, கையில் ஏறுது, கழுத்துக்கு வருது, தோலுக்குள்ளே போய் தின்னுது, ஓடாதே என்று ஹருயோ சொல்லச் சொல்ல எல்லோரும் நெளிகிறார்கள், அமலி மட்டும் கல்லாய் நிற்கிறாள், அடடா என்று மற்றவர்கள் வாய் பிளக்கிறார்கள், ஹருயோ கிட்டே வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, நீ இங்கே இல்லே அமலி, வெளியே போய்ட்டே, செத்த உடம்பு சும்மா கிடந்தா புட்டோ இல்லே, அது எழுந்திருக்கணும் என்கிறாள், அந்த எழுந்திருத்தல்தான் அவளுக்குக் கடைசி ஒத்திகை வரை வரவில்லை, தையல் மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

இன்று மேடையில் அது வந்தாக வேண்டும், வராவிட்டால் இனி எப்போதும் வராது என்று அவளுக்குத் தெரியும், மேடையில் மங்கல் வெளிச்சம், வெள்ளை பூசியவர்கள் சாம்பலாய் நகர்கிறார்கள், என்ன நடந்தாலும் வேகம் மாறக் கூடாது என்பது அவர்களுக்குள் கட்டு, நாற்காலி ஒன்று உருள்கிறது, பெனடிக்ட் மேடையில் நிற்கிறான், எறங்குடி கீழ, மானத்தையா வாங்குற, அறைகிறான், விழுகிறாள், முடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு விலாவில் மிதிக்கிறான், வாயெல்லாம் ரத்தம், முன்வரிசையில் ஒருவர், என்னமா நடிக்கிறான்யா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார், இதையும் ஆட்டம் என்றே நினைத்துவிட்டார்கள் படுபாவிகள், ஆடுகிறவர்களும் ஹருயோ ஏதோ புதிதாய்ச் சேர்த்திருக்கிறாள் என்று அதே வேகத்தில் நகர்கிறார்கள், அமலி வழக்கம்போல் சுவரோரம் போய் நிற்கப் பார்க்கிறாள், முடியவில்லை, பூச்சிகள் உள்ளே தின்கின்றன, ஒவ்வொரு கடியும் தெரிகிறது, இது என் விலா, இது என் உதடு, ஐயோ இது என் உடம்பு, அப்போது வந்தது பார், அத்தனை வருஷத்துக் கோபமும் மொத்தமாய் வந்தது, முடி கொத்தோடு போனால் போகட்டும் என்று எழுந்திருக்கிறாள், முழங்கால், இடுப்பு, கழுத்து, மெல்ல, அவன் மறுபடி அறைகிறான், நிற்கிறாள், இன்னொரு அறை, நின்றுகொண்டே, இது ஆட்டமில்ல, இவன் எம் புருஷன், நெசமாவே அடிக்கிறான் என்று கத்துகிறாள்.

விளக்கு போடு என்று திரைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்த ஹருயோ அலறினாள், கிடங்கு முழுக்க வெளிச்சம், சனம் எழுந்து நின்றது, நான் அடிக்கலங்க, வீட்டுக்குக் கூப்பிடத்தான் வந்தேன் என்று பெனடிக்ட் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டினான், அந்தக் கையில் ஐந்து விரலிலும் அவள் கன்னத்து வெள்ளை அப்பியிருந்தது.